கடல் கடந்து வைத்தியம் கற்கலாமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)



உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளிலே நம் ஊரில் மூன்று வகையான வீடுகளைக் காண்கிறோம். ஒரு வீட்டிலே கற்கண்டு வழங்குகிறார்கள். இன்னொரு வீட்டிலே கதவு சாத்தியிருக்கிறது. மூன்றாவது வீட்டிலே கதவு திறந்திருக்கும். ஆனால் ஒருவரும் பேசமாட்டார்கள். அங்கேயுள்ள பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. உயிரியலிலும் இரசாயனத்திலும் நன்றாகச் செய்த பிள்ளை. ஆயினும் மருத்துவ பீடத்துக்குரிய வெட்டுப்புள்ளி சற்றே மேலே நின்றுவிட்டது. தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரை கணிக்கப்படும் அந்தப் புள்ளியிலே ஓர் இலக்கம் குறைந்தமையால் ஒரு பிள்ளையின் வாழ்வு வேறு வழியிலே திரும்ப வேண்டியதாகிறது.

அந்த மூன்றாவது வீட்டைப் பற்றியே இன்று பேச எடுத்துக்கொண்டோம். ஏனெனில், பெறுபேறு வந்து ஒரு வாரம் ஆவதற்குள் பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களின் வண்ணப் பிரசுரங்கள் வந்து சேர்வதும் அந்த வீட்டுக்கே.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய வீட்டிலிருந்து ஒரு தந்தையார் தம் மகளையும் அழைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். கையிலே ஒரு பிரசுரம். மடியிலே ஒரு பை. பைக்குள்ளே காணி உறுதி. “மாஸ்டர், ஆறு வருஷம். முடிச்சு வந்தால் டொக்டர். நாளைக்குள்ளை முற்பணம் கட்ட வேணுமாம். அனுப்பலாமோ, விடலாமோ? நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ” என்றார். மகள் ஒன்றும் பேசவில்லை. அவர் கேட்ட அந்த ஒரு சொல்லை நாம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக நான்கு கேள்விகளைக் கேட்டோம். இன்று உங்கள் முன் வைக்கப்போவதும் அந்த நான்கு கேள்விகளையே.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பிறநாடு சென்று கற்பது குற்றமுமன்று, குறைவுமன்று. 1870 ஆம் ஆண்டிலே கொழும்பில் வைத்திய கலாசாலை தொடங்கிய பின்னரும், உயர்ந்த பட்டங்களை நாடி நம்மவர் பிரித்தானியாவுக்குக் கப்பலேறினார்கள். 1960 ஆம் ஆண்டிலே மாஸ்கோவில் நிறுவப்பட்டு, பின்னர் பத்திரிசு லுமும்பாவின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகத்திலே இலங்கையர் பலர் புலமைப்பரிசில் பெற்றுக் கற்றனர். இங்கே இடம் கிடையாத பிள்ளைகள் அங்கே கற்று வந்து நம் ஆஸ்பத்திரிகளிலே இரவு பகலாக உழைத்ததை நாடு அறியும். அவர்களிடம் வைத்தியம் பெற்று உயிர் தப்பியோர் இச்சபையிலும் இருத்தல் கூடும்.

ஆனால் ஒரு வேற்றுமையுண்டு. புலமைப்பரிசிலிலே போனவனை ஓர் அரசாங்கம் தெரிந்தெடுத்தது. இன்று தன் பணத்திலே போகிறவனைப் பெரும்பாலும் ஒரு முகவர் தெரிந்தெடுக்கிறார். முகவர் எல்லோரும் பொய்யரென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் பிள்ளை விமானம் ஏறியவுடன் அவர் வேலை முடிந்துவிடுகிறது. பிள்ளையின் வேலையோ அப்பொழுதுதான் தொடங்குகிறது. ஆகவே, கேட்க வேண்டியவற்றை நாமே கேட்டாதல் வேண்டும்.

முதலாவது கேள்வி: இந்த விருப்பம் யாருடையது?

நம் சமூகத்திலே “டொக்டர்” என்ற சொல்லுக்கு உள்ள மதிப்பு நமக்குத் தெரியாததன்று. அந்த மதிப்பிலே உத்தியோகமும் இருக்கிறது, உறவினர் முன் தலைநிமிர்வும் இருக்கிறது, சீதனப் பேச்சும் இருக்கிறது. இவை ஒன்றுக்காகவும் ஒரு பிள்ளை குளிர்நாட்டு விடுதியறையிலே ஆறு வருடம் தனித்திருந்து உடற்கூற்றியல் படிக்க முடியாது. நோயாளியின் அருகே நிற்பதிலே பிள்ளைக்கு உண்மையான ஆசை இருத்தல் வேண்டும். ஆசை வைத்தியத்திலா, வைத்தியர் என்ற பெயரிலா என்பதைப் பிள்ளை தன் வாயாற் சொல்ல இடங்கொடுங்கள். பெற்றார் எதிரிலே சொல்லத் தயங்கினால் ஒரு மாமனிடமோ ஆசிரியரிடமோ சொல்லட்டும்.

இரண்டாவது கேள்வி: திரும்பி வரும்போது கதவு திறக்குமா?

பிறநாட்டுப் பட்டத்தோடு வருகிறவர் விமான நிலையத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட முடியாது. அவர் கற்ற கலாசாலை இலங்கை மருத்துவ சபை ஏற்றுக்கொண்ட ஒன்றாக இருத்தல் வேண்டும். புறப்படுவதற்கு முன்னமே உயர்தர விஞ்ஞான பாடங்களில் விதிக்கப்பட்ட தகைமை இருத்தல் வேண்டும். பின்னர் அச்சபையின் பதிவுப் பரீட்சையிலே சித்தியடைதல் வேண்டும். பழைய வைத்தியர்கள் இதனை “அக்ட் 16” என்பார்கள், இன்றைய மாணவர் “ஈ.ஆர்.பி.எம்.” என்கிறார்கள். அதன்பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. பரீட்சைக்குப் படிக்கும் காலமும் பயிற்சி நியமனத்துக்குக் காத்திருக்கும் காலமும் இதற்குள்ளே சேர்ந்துகொள்ளும். பிரசுரத்திலே ஆறு வருடமென்று இருப்பது வீட்டுக் கணக்கிலே எட்டு வருடமும் ஆகலாம், ஒன்பதும் ஆகலாம்.

இது இலங்கையிலே மாத்திரம் உள்ள வழக்கமென்று எண்ணவேண்டாம். இந்தியாவும் பெரும்பாலான பிறநாடுகளிலே கற்றுத் திரும்பும் தன் பிள்ளைகளுக்கு 2002 ஆம் ஆண்டு தொடக்கம் ஒரு தகுதிப் பரீட்சை வைத்து வருகிறது. 300 புள்ளிகளுக்கு 150 எடுத்தால் அதிலே சித்தி. அப்படியிருந்தும் எழுதுவோரிற் பெரும்பாலானோர் தவறிவிடுகின்றனர். அவர்களெல்லாம் மந்தபுத்தியுள்ளவர்களா? அல்லர். போகும்போது பட்டத்தை மாத்திரம் கண்டார்கள். பட்டத்துக்கு அப்பாலுள்ள பரீட்சையைக் காணவில்லை. ஆகையால் முகவரின் சொல்லை நம்பி முற்பணம் கட்டுவதற்கு முன், கலாசாலையின் முழுப்பெயரை எழுதிக்கொண்டு மருத்துவ சபையிடமே கேளுங்கள். பதிலை எழுத்திலே பெறுங்கள். ஒரு முத்திரைச் செலவு ஒரு காணியைக் காப்பாற்றும்.

மூன்றாவது கேள்வி: பணம் எந்த நாட்டு நாணயத்திலே கட்டப்படுகிறது?

கட்டணம் ஆண்டுக்கு 5000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்திலே ஒரு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபா. அதே ஆண்டு மே மாதத்திலே ஏறத்தாழ 360 ரூபா. பல்கலைக்கழகம் தன் கட்டணத்திலே ஒரு சதமும் கூட்டவில்லை. ஆயினும் பத்து இலட்சமாயிருந்த கட்டணம் மூன்று மாதத்துக்குள் பதினெட்டு இலட்சமாயிற்று. கையிலே ரூபா இருந்தும், வங்கியிலே டொலர் இல்லாமையால் அனுப்ப வழியின்றித் தவித்த பெற்றாரும் அக்காலத்திலே இருந்தனர்.

நாமறிந்த ஓர் இளைஞன் மூன்றாம் வருடத்தோடு படிப்பை விட்டுத் திரும்பி வந்தான். அவன் ஒரு பாடத்திலும் தவறவில்லை. வீடு ஈட்டிலிருந்து மீளவில்லை, அவ்வளவுதான். அவன் தாயார் இன்றும் வாடகை வீட்டிலே இருக்கிறார். ஆகவே முதலாம் ஆண்டுக்குப் பணம் உண்டா என்று கேட்பது போதாது. ஆறாம் ஆண்டுக்கும், அதற்குப் பின் ஊதியமில்லாது காத்திருக்கும் காலத்துக்கும் உண்டா என்று கேட்டல் வேண்டும். குடியிருக்கும் வீட்டை ஈடு வைத்துத்தான் போகவேண்டுமென்றால், எம் ஆலோசனை போகவேண்டாம் என்பதே.

நான்காவது கேள்வி: பிள்ளை யாருடைய கட்டிலருகே நின்று கற்கப் போகிறது?

வைத்தியத்திலே பாதி புத்தகத்திலே இருக்கிறது; மறுபாதி நோயாளியின் வாயிலே இருக்கிறது. “எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது” என்று கேட்கத் தெரியாதவன் வைத்தியனாக முடியாது. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கலாம். ஆனால் ரஷ்யாவிலே நோயாளி ரஷ்ய மொழியிலே முனகுகிறான். சீனத்திலே சீன மொழியிலே முனகுகிறான். அம்மொழியைக் கற்காத மாணவன் கட்டிலின் பின்னே நின்று குறிப்பெழுதுவதோடு சரி. 1847 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார்; மேலைநாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கவும் செய்தார். ஊரிலே தங்கி, ஊரவர் மொழியிலே நோய் கேட்டறியும் வைத்தியரை ஆக்குவதே அவர் எண்ணம். அந்நிய நாட்டிலிருந்து வந்த அவரே இதனை உணர்ந்தாரென்றால், அந்நிய நாட்டுக்குப் போகும் நாம் உணர வேண்டாமா?

நாட்டின் நிலையையும் இதனோடு சேர்த்து எண்ணுங்கள். கொரோனாத் தொற்றினால் 2020 ஆம் ஆண்டிலே சீனம் தன் எல்லையை மூடியது. ஊருக்கு வந்திருந்த பிறநாட்டு மாணவர் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் வீட்டிலிருந்து திரையைப் பார்த்துக் கற்றனர். நாடி பிடிக்காது, வயிற்றைத் தொட்டுப் பாராது வைத்தியம் கற்பது எப்படி? 2022 பெப்ரவரியிலே உக்ரேனில் போர் மூண்டபோது, அங்கே கற்ற இந்திய மாணவர் பல்லாயிரவர் படிப்பைப் பாதியிலே விட்டு ஓடிவந்தனர். போரை முன்னறிய எவராலும் முடியாது. ஆனால் இடையிலே தடை வந்தால் வேறிடத்திலே தொடர வழியுண்டா என்று கேட்டு வைத்துக்கொள்ள எல்லோராலும் முடியும்.

இளைஞர்களே, இந்த நான்குக்கும் நல்ல பதில் இருக்குமாயின் துணிந்து போங்கள். இல்லையாயின் வாழ்வு முடிந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். உயர்தரப் பரீட்சையை மூன்று முறை எழுத இடமுண்டு. ஒரு முறை தவறியவுடன் காணி உறுதியைத் தேடவேண்டியதில்லை. தாதியர், இயன்மருத்துவர், மருந்தாளர், ஆய்வுகூடத்தார் இல்லாமல் எந்த வைத்தியராலும் ஒரு நாளும் ஆஸ்பத்திரி நடத்த முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் திருகோணமலை வளாகத்திலும் சித்த வைத்தியம் கற்பிக்கப்படுகிறது. நோயாளிக்கு உதவுவதே ஆசையானால் அதற்கு வாயில்கள் பல.

இனி அந்தத் தந்தையாரிடம் வருவோம். முதலாவது கேள்வியைக் கேட்டபோது அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். நாம் மகளைப் பார்த்தோம். அவள் சிறிது நேரம் நிலத்தைப் பார்த்திருந்து, “எனக்கு விருப்பம்தான். ஆனால் அப்பா வீட்டை விக்கக் கூடாது. நான் திரும்பி வந்து இஞ்சைதான் வேலை செய்ய வேணும்” என்றாள். தந்தையார் பையை இறுகப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கிற்று. மறுநாள் முற்பணம் கட்டப்படவில்லை. மருத்துவ சபையிலே விசாரித்தபோது அப்பிரசுரத்திலிருந்த கலாசாலை ஏற்றுக்கொள்ளப்பட்டதன்று என்று தெரிய வந்தது. அவள் இரண்டாம் முறையும் பரீட்சை எழுதினாள். புள்ளி கூடிற்று, இடம் கிடைக்கவில்லை. அதன் பின்னரே, ஏற்றுக்கொள்ளப்பட்ட வேறொரு கலாசாலைக்கு, வயற்காணியை மாத்திரம் ஈடு வைத்துப் போனாள். வீடு வீடாகவே இருக்கிறது. இப்பொழுது நான்காம் வருடம். அந்நாட்டு மொழியிலே நோயாளியோடு பேசுகிறாள். விடுமுறைக்கு வந்தால் இங்குள்ள பரீட்சைக்குரிய நூல்களை இரவல் வாங்கிப் போகிறாள். பெரிய பரீட்சை இன்னும் முன்னே நிற்கிறது. அதனை அவளும் அறிவாள், தந்தையாரும் அறிவார்.

ஆகவே நாம் சொல்ல விரும்புவது இதுவே: போவதா என்று தீர்மானிக்குமுன் எப்படித் திரும்புவது என்று தீர்மானியுங்கள். திரும்பும் வழி தெளிவானால் போகும் வழி தானே தெரியும்.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பெறுபேறு வெளியான வாரத்திலே இம்மண்டபத்தின் கதவைத் திறந்து வையுங்கள். பிறநாட்டிலே கற்றுத் திரும்பிய வைத்தியர் இருவரையும், படிப்பை முடிக்காது திரும்பிய ஒருவரையும் அழைத்து, பெற்றாரும் பிள்ளைகளும் அவர்களிடம் கேட்க இடஞ் செய்யுங்கள். பிரசுரம் வந்து சேருமுன் உண்மை போய்ச் சேரட்டும். அந்த மூன்றாவது வீட்டிலே பேச்சுக் குரல் கேட்கட்டும்.