தீவுப் பயணம்: கடலைக் கேட்டுத் திட்டமிடுவோம்



தீவுகளுக்கு விடுமுறைப் பயணம் போவதற்கு எப்படித் திட்டமிடுவது என்பது பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒருமுறை தவறாகத் திட்டமிட்டு, என்னை நம்பி வந்த 38 பேரைக் கடற்கரையிலிருந்தே திருப்பி அழைத்து வந்தவன் நான். அந்த அனுபவம் கற்பித்த பாடமே இந்தப் பேச்சு.

2011ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். நான் பணியாற்றிய தோட்டப் பள்ளியின் மாணவர்களும் பெற்றோர்களுமாகச் சேர்ந்து ஒரு தீவைப் பார்த்துவர ஆசைப்பட்டார்கள். பால்மரம் வெட்டும் குடும்பங்கள். மாதந்தோறும் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று ஓராண்டு சேமித்த பணம். பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். பள்ளிக்கு ஆண்டிறுதி விடுமுறை டிசம்பரில்தான் நீளமாக இருந்தது. வரைபடத்தைப் பார்த்தேன். திரெங்கானுவின் பெர்ஹெந்தியான் தீவுகள் கண்ணில் பட்டன. பேருந்து பேசி, கட்டுச்சோறு கட்டி, இரவெல்லாம் பயணம் செய்து விடியற்காலையில் கோலபெசுட் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. அங்கே வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு முதிய மலாய் மீனவர் எங்களை வியப்போடு பார்த்தார். “இந்த மாதத்தில் கடல் எங்களுக்கே விடுமுறை கொடுத்துவிடும், ஆசிரியரே. உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?” என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் நானும் யாரையும் கேட்கவில்லை. அதுதான் பெரிய உண்மை. மூன்றாம் வகுப்பில் படித்த ஒரு பையன் பேருந்தை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதான். அவன் தாய், “பரவாயில்லை வாத்தியாரையா, கடலையாவது பார்த்தோமே” என்றார். அந்தச் சொல் என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

நேயர்களே, மலைநாட்டுக்குப் போகிறவர்கள் மழையில் நனைந்தாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். தீவுக்குப் போகிறவர்கள் அப்படியல்ல. நடுவில் கடல் இருக்கிறது. ஆகவே தீவுப் பயணத்தின் முதற் கேள்வி ‘எங்கே போகலாம்?’ என்பதன்று, ‘எப்போது போகிறோம்?’ என்பதே.

நம் தீபகற்ப மலேசியாவுக்கு இரண்டு பருவக்காற்றுகள் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அது தென்சீனக் கடலைக் கடந்து, நீராவியைச் சுமந்து வந்து, கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளில் மோதுகிறது. அந்த மாதங்களில் பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற தீவுகளில் பெரும்பாலான தங்கும் விடுதிகளே மூடப்பட்டுவிடும். அதே வேளையில், நாட்டின் முதுகெலும்பாக நிற்கும் தித்திவங்சா மலைத்தொடர் அந்தக் காற்றைத் தடுத்து நிறுத்துவதால், மேற்குக் கரையின் வடபகுதி வறண்டு, கடல் அமைதியாக இருக்கிறது.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அப்போது கிழக்குக் கரைத் தீவுகளில் கடல் தெளிந்து, பயணத்துக்கு ஏற்றதாகிறது. மேற்குக் கரையின் பெரும்பகுதிக்குச் சுமத்திரா தீவு ஒரு சுவர்போல நின்று காற்றைத் தடுக்கிறது. ஆனால் லங்காவித் தீவுக்கூட்டம் அந்தச் சுவரின் முனையையும் தாண்டி வடக்கே இருக்கிறது. அதனால் அந்தமான் கடலிலிருந்து வரும் காற்றும் மழையும் அங்கே தாராளமாக நுழைந்துவிடும். குறிப்பாகச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அங்கே மழை மிகுதி.

இதைச் சுருக்கமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் விடுமுறை கிடைத்தால் மேற்கே லங்காவி. ஆண்டின் நடுவில் கிடைத்தால் கிழக்கே பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான். இந்த ஒரு வரி எனக்கு 2011இல் தெரிந்திருந்தால், அந்தத் தாயின் பணம் வீணாகியிருக்காது.

இரண்டாவது முறை அதே குடும்பங்களை நான் 2013ஆம் ஆண்டு மார்ச் விடுமுறையில் லங்காவிக்கு அழைத்துச் சென்றேன். கேட்டுக் கேட்டுத் திட்டமிட்ட பயணம் அது. அதை வைத்தே மற்றச் செய்திகளைச் சொல்கிறேன்.

லங்காவி கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. கோலகெடாவிலிருந்து ஃபெரியில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம். கோலபெர்லிஸிலிருந்து ஒன்றே கால் மணி நேரம். கடல் பயணத்தில் வாந்தி வருகிறவர்கள் இருந்தால் குறைந்த தூரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஏறுவதற்கு முன் வயிறு முட்ட உண்ணக் கூடாது. வெறும் வயிறும் கூடாது. படகின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. குழந்தைகளையும் முதியோரையும் அங்கே அமரச் செய்ய வேண்டும். விடுமுறைக் காலமானால் பயணச்சீட்டை, போக மட்டுமன்றித் திரும்பி வரவும், முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். பெரிய கூட்டமாகப் போகிறவர்கள் தீவுக்குள் சுற்றிப் பார்க்க வேனையும் முன்னதாகவே பேசிவைக்க வேண்டும். குவா படகுத்துறையில் இறங்கிய பிறகு வண்டி தேடினால் காலமும் பணமும் வீணாகும்.

லங்காவியில் எத்தனை தீவுகள்? ஃபெரியில் போகும்போதே அந்தப் பையன் என்னைக் கேட்டான். இப்போது அவன் நான்காம் வகுப்பு முடித்து ஐந்தாம் வகுப்பில் இருந்தான். 99 என்றேன். பக்கத்தில் இருந்த ஒருவர் 104 என்றார். இரண்டும் சரிதான். நீர் ஏறியிருக்கும்போது 99 தீவுகள் தெரிகின்றன. நீர் வற்றும்போது மூழ்கியிருந்த சிறு திட்டுகளும் தலைகாட்ட, எண்ணிக்கை 104 ஆகிறது என்று சொல்வார்கள். இதில் பயணிகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. தீவுகளில் நிலத்தின் அளவே நேரத்துக்கு நேரம் மாறுகிறது.

அங்கே கடல் நாளொன்றுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். இந்த நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் மிக அதிகம். நாங்கள் பங்குனி உத்திரம் முடிந்த கையோடு போயிருந்தோம். பௌர்ணமி சமயம். வடக்கே தஞ்சோங் ரூ கடற்கரையில் மாலை நீர் வற்றியபோது, அக்கரையிலுள்ள குட்டித்தீவு வரை மணல் திட்டு நீண்டு கிடந்தது. பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள். ‘நீர் ஏறத் தொடங்கினால் இந்தப் பாதை இருக்காது’ என்று சொல்லி, நேரம் குறித்து, இரண்டு பெரியவர்களைக் கூட அனுப்பினேன். கடலேற்ற நேரத்தை விடுதியிலோ படகோட்டியிடமோ முன்தினமே கேட்டு எழுதிக்கொண்டால் போதும். நம் வீட்டுத் தமிழ் நாட்காட்டியில் அமாவாசையும் பௌர்ணமியும் அச்சாகித்தானே இருக்கின்றன? விரத நாள் பார்க்கும் கண்ணால் கடலின் போக்கையும் கொஞ்சம் கணித்துக்கொள்ளலாம்.

இனி, எதைப் பார்ப்பது? எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதையும் பார்க்க மாட்டோம். நாளொன்றுக்கு இரண்டே இடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு நாளை மலைக்கும் ஊருக்கும் ஒதுக்கினோம். ஒரு நாளைத் தீவுகளுக்கு ஒதுக்கினோம்.

லங்காவியின் மச்சின்சாங் மலைப்பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. இத்தகைய பாறை வளத்துக்காகவே 2007ஆம் ஆண்டு லங்காவி யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காக்களில் ஒன்றாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. தென்கிழக்காசியாவில் அந்தத் தகுதியை முதலில் பெற்ற இடம் அதுவே. மசூரியின் கல்லறையையும் பார்த்தோம். செய்யாத குற்றத்துக்காக 1819இல் அவள் கொல்லப்பட்டாள் என்றும், ஏழு தலைமுறைக்கு இத்தீவு செழிக்காது என்று சபித்தாள் என்றும் கதை வழங்குகிறது. அதைச் சொன்னதும் பெண்கள் சிலர், “நம்ம கண்ணகி மாதிரி” என்று தமக்குள் பேசிக்கொண்டார்கள். பிற இனத்தாரின் கதையில் நம் கதையைக் கண்டுகொள்வதும் பயணத்தின் பயன்தான்.

மறுநாள் படகில் தாயாங் பூந்திங் தீவுக்குப் போனோம். கடலுக்கு மிக அருகிலேயே, சுண்ணாம்புப் பாறைகள் சூழ, ஒரு நன்னீர் ஏரி இருக்கிறது. உப்புக் கடலைத் தாண்டி வந்து இனிப்பு நீரைக் கையில் அள்ளிப் பார்த்த பிள்ளைகளின் முகத்தை நான் மறக்கவில்லை. ஏரிக்கு நடந்து போகும் வழியில் குரங்குகள் உண்டு. கையில் உணவுப் பை தெரிந்தால் பறித்துக்கொள்ளும். வானில் செம்பருந்துகள் வட்டமிட்டன. நாம் கருடன் என்று கைகூப்பும் அதே பறவைதான். இவற்றுக்குக் கோழித் தோலை எறிந்து வேடிக்கை காட்டும் பழக்கம் உண்டு. வேண்டாமென்று படகோட்டியிடம் சொல்லிவிட்டோம். மீன் பிடித்து வாழும் பறவையைப் பிச்சையெடுக்கப் பழக்குவது நமக்கு அழகன்று. பவளப்பாறைகளும் அப்படியே. அவற்றின் மேல் நிற்கவோ உடைக்கவோ கூடாது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளர்வதே அரிது. ஒரு மிதியில் பல ஆண்டு வளர்ச்சி நொறுங்கிவிடும்.

அடுத்து, உயிரைக் காக்கும் செய்திகள். ஆசிரியன் என்ற முறையில் இவற்றை வலியுறுத்திச் சொல்கிறேன்.

முதலாவது, மிதவை அங்கி. படகில் ஏறும் முன் தலைக்கு ஒன்று இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். பெரியவர் அளவு அங்கியைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் கழன்றுவிடும். குழந்தை அளவு இல்லையென்றால் அந்தப் படகில் ஏற வேண்டாம். பணம் கட்டியாயிற்றே என்று தயங்கக் கூடாது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் கூப்பிட்டு எண்ண வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியலின் ஒரு பிரதியை விடுதியிலும் கொடுத்து வையுங்கள்.

இரண்டாவது, சொறிமீன். சில வகைகளின் தீண்டல் உயிருக்கே ஆபத்தானது. தீண்டிய இடத்தைத் தேய்க்கக் கூடாது. நல்ல தண்ணீரால் கழுவக் கூடாது. உடனே கரைக்கு வந்து, காடியைத் தாராளமாக ஊற்றி, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு புட்டி காடி பையில் இருக்கட்டும். சமையலறையிலுள்ள அதே காடிதான்.

மூன்றாவது, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள். அன்று ஆழிப்பேரலை லங்காவி, கெடா, பினாங்கு கரைகளைத் தாக்கியது. நம் நாட்டில் 68 பேர் மாண்டனர். கடல் திடீரென வெகுதூரம் உள்வாங்கினால் மீன் பொறுக்க ஓடாதீர்கள். அதற்கு எதிர்த்திசையில், மேட்டை நோக்கி ஓடுங்கள். இதைப் பிள்ளைகளுக்குக் கடற்கரையில் கால் வைக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இறுதியாகப் பணம். போக்குவரத்து, தங்குமிடம், உணவு, படகு என நான்கு உறைகளில் பணத்தைப் பிரித்துப் போடுங்கள். ஐந்தாவது உறை ஒன்று அவசரத்துக்கு. கடல் கொந்தளித்து ஃபெரி நின்றுவிட்டால், ஓரிரவு கூடுதலாகத் தங்க அதுதான் கைகொடுக்கும். லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு. மிட்டாயும் மதுவும் அங்கே மலிவு. வரி இல்லை என்றால் விலையே இல்லை என்று பொருளல்ல, நேயர்களே. பிள்ளைகளின் பயணத்துக்குச் சேர்த்த பணம் புட்டிகளாக மாறி வீடு திரும்பக் கூடாது. இதை எங்கள் தோட்டத்து ஆண்களிடம் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்துகொண்டோம். அவர்களும் சொல் காத்தார்கள்.

திரும்பி வரும் ஃபெரியில் அந்தப் பையன் சன்னலோரம் உட்கார்ந்து ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தான். கண்ணுக்குத் தெரிந்த தீவுகளை எண்ணுகிறானாம். 23 வரை எண்ணிவிட்டுத் தூங்கிப்போனான். அவன் தாய் அந்தத் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். “மிச்சத்தை அடுத்த தடவை எண்ணட்டும் வாத்தியாரையா. எந்த மாசம்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க” என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் நீங்களும் முதலில் கேட்க வேண்டும். எந்த மாதம், எந்தக் காற்று, எந்த நேரம் கடலேற்றம் என்று தெரிந்துகொண்டு புறப்படுங்கள். மழை நாளில் கோலபெசுட் கரையில் நின்ற எங்கள் நிலை உங்கள் பிள்ளைகளுக்கு நேர வேண்டாம்.