மதுவனம் முதல் நிமியாகாட் வரை: சம்மேத சிகர யாத்திரையின் நெறி

(விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்ச் சமணர் இல்லங்களில் வழிவழியாகச் சொல்லப்படும் சொல் ஒன்று உண்டு. “அறுவடை முடியட்டும், பெண்ணுக்குத் திருமணம் ஆகட்டும், பணி ஓய்வு வரட்டும், பிறகு சம்மேத சிகரம் போகலாம்” என்பது அது. அறுவடை முடிகிறது, திருமணமும் நடைபெறுகிறது, பணி ஓய்வும் வந்து சேர்கிறது. அந்நாளில் முழங்கால் இசைவதில்லை. ஆசை மட்டும் எஞ்சி, சிகரத்தின் படம் பூசையறைச் சுவரிலேயே நின்றுவிடுகிறது. யாத்திரையை எப்போது செய்வது, எவ்வாறு செய்வது என்னும் இரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மலையின் வழியை அறிந்தவர்க்கு இரண்டின் விடையும் எளிதில் விளங்கும்.

சம்மேத சிகரம் ஜார்க்கண்டு மாநிலத்தின் கிரிதீ மாவட்டத்தில் உள்ளது. பார்சுவநாதர் பெயரால் பாரசநாத் மலை என்று வழங்கும் இது ஏறக்குறைய 1365 மீட்டர் உயரமுடையது. அம்மாநிலத்தின் மலைகளுள் மிக உயர்ந்தது. தீர்த்தங்கரர் இருபத்து நால்வருள் இருபதின்மர் வீடுபேறு அடைந்த தலம் இது. ஆதிநாதர் கயிலாயத்திலும், வாசுபூஜ்யர் சம்பாபுரியிலும், நேமிநாதர் கிர்நாரிலும், மகாவீரர் பாவாபுரியிலும் முக்தி எய்தினர். ஏனைய இருபதின்மருக்கும் இம்மலையே இறுதி நிலம். ஆகவே இது ஒரே உச்சியைக் கொண்ட மலையன்று. நீண்ட முகட்டின்மேல் அடுத்தடுத்து எழும் சிகரங்களின் வரிசை. ஒவ்வொரு சிகரத்திலும் சிறு மண்டபமும் அதனுள் திருவடிச் சுவடுகளும் உள்ளன. இவற்றை ‘டோங்க்’ என்று அழைப்பர்.

மலையின் வடக்கு அடிவாரத்தில் மதுவனம் என்னும் ஊர் உள்ளது. திகம்பரர், சுவேதாம்பரர் ஆகிய இரு மரபினரின் கோயில்களும், கோட்டி எனப்படும் தங்கும் இல்லங்களும் அங்கே நிறைந்துள்ளன. தெற்கு அடிவாரத்தில், பெருவழிச்சாலையை ஒட்டி நிமியாகாட் என்னும் ஊர் உள்ளது. பெரும்பாலான யாத்திரிகர் மதுவனத்தில் ஏறி மதுவனத்திலேயே இறங்குவர். ஏற்றம் 9 கிலோமீட்டர், சிகரங்களின் சுற்று 9 கிலோமீட்டர், இறக்கம் 9 கிலோமீட்டர் என மொத்தம் 27 கிலோமீட்டர் நடை அது. வடக்கே ஏறி, முகடு முழுவதையும் வணங்கி, தெற்கே நிமியாகாட்டில் இறங்குவோரும் உளர். அவ்வழி செல்வோர் மலையை ஊடறுத்துக் கடக்கின்றனர்.

பின்னிரவு இரண்டு அல்லது மூன்று மணிக்கு மதுவனம் விழித்துக்கொள்கிறது. நீராடி, தூய ஆடை உடுத்தி, கையில் மூங்கிற் கோலும் விளக்கும், பையில் அர்க்கியத்துக்கான அரிசியும் பாதாம் பருப்பும் கொண்டு யாத்திரிகர் புறப்படுவர். பலர் வெறுங்காலுடன் நடப்பர். இறங்கி வரும்வரை உணவு கொள்ளாதவரும் பலர். இருளில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. வெயில் கடுமையாகும் முன் ஏற்றம் முடிய வேண்டும். பொழுது சாயும் முன் இறங்கிவிடவும் வேண்டும்.

முதலில் வருவது கந்தர்வ நாலா என்னும் ஓடை. அதனைக் கடந்து சிறிது தொலைவில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சீதா நாலா வழியே கௌதம சுவாமி டோங்கிற்குச் செல்கிறது. மறு கிளை நேராகப் பார்சுவநாதர் டோங்கிற்கு ஏறுகிறது. யாத்திரையின் உண்மையான சோதனை இந்த இடத்தில்தான். களைத்த கால் நேர்வழியை விரும்பும். உயர்ந்த சிகரத்தை மட்டும் வணங்கித் திரும்பினால் பல மணி நேரம் மிஞ்சும். உடல் இயலாதவர் அவ்வாறு செய்வதில் குறையில்லை. இயன்றவர் அவ்வழியைக் கொள்வாராயின், இருபதின்மர் நடந்த மலையை அவர் ஒருவர் மலையாகச் சுருக்கிவிடுகிறார்.

சீதா நாலாவில் பூசைப் பொருள்களைக் கழுவிக்கொண்டு மேலேறினால் கௌதம சுவாமியின் திருவடி. அதனை அடுத்துக் குந்துநாதரின் ஞானதர கூடம். பொழுது புலரும் வேளையில் இங்கு வந்து சேர்வது வழக்கம். இங்கிருந்து முகட்டின் ஒரு கோடியை நோக்கி நடை தொடர்கிறது. ஏறுவதும் இறங்குவதுமாகச் சிகரங்கள் பல கடந்தபின், அக்கோடியில் தனித்து நிற்கிறது சந்திரப்பிரபரின் லலித கூடம். எல்லாவற்றினும் தொலைவானது இதுவே, கடினமானதும் இதுவே. காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் சந்திரப்பிரபர் கோயிலை வலம் வந்த தமிழ்ச் சமணர், அப்பெருமான் வீடுபேறு அடைந்த இடத்தில் நிற்கும்போது ஊர்க்கோயிலும் இம்மலையும் ஒன்றெனவே உணர்வர்.

பின்னர் வழி திரும்புகிறது. முகட்டின் நடுவே அமைந்த ஜல மந்திரைக் கடந்து, மறு கோடியை நோக்கிச் சிகரம் சிகரமாகச் செல்ல வேண்டும். இறுதியில் எழுவது பார்சுவநாதரின் சுவர்ணபத்திர கூடம். மலையின் உச்சி இதுதான். மேல்சித்தாமூர்ப் பார்சுவநாதரை வணங்கி வளர்ந்தவர்க்கு இவ்விடம் அயலன்று. இவ்வரிசையில் ஒரு படிப்பினை உண்டு. மிக உயர்ந்தது கடைசியில் கிடைக்கிறது. அதற்கு முன் மிகத் தொலைவானதை நடந்து கடக்க வேண்டியிருக்கிறது. குணத்தானங்களின் ஏற்றமும் அத்தகையதே. ஒரு படியைத் தாண்டிக் குதித்து மறுபடியை அடைவது எளிதன்று. ஏறியவர் கீழிறங்கி மீண்டும் ஏற நேர்வதும் உண்டு.

உச்சியிலிருந்து தெற்கே இறங்கும் காட்டுவழி நிமியாகாட்டை அடைகிறது. வடபுறத்தைப் போன்ற கூட்டம் இப்பக்கம் இல்லை. ஆதலின் தனியே இறங்கலாகாது. மதுவனத்துக் கோட்டியில் வழிநிலையும் அனுமதியும் கேட்டறிந்து, உள்ளூர் வழித்துணையுடன், குழுவாகவே செல்ல வேண்டும். நீர் கையில் இருத்தல் வேண்டும். விரைவு வண்டிகள் நிற்பது ஈசரியில் உள்ள பாரசநாத் நிலையத்தில் ஆதலால், பயணச் சுமைகளை அங்கோ மதுவனத்திலோ முன்பே சேர்த்துவிடுவது நலம். மழைக்காலத்தில் பாறை வழுக்கும். பார்சுவநாதர் நிர்வாண நாளாகிய முகுட சப்தமி மழைப் பருவத்தில் வருவதால், அந்நாளில் செல்வோர் வடவழியே ஏறி இறங்குவது நன்று. மழை ஓய்ந்த ஐப்பசி தொடங்கி மாசி வரையிலான காலம் நடைக்கு ஏற்றது.

பெரியோர்களே, இம்மலையில் அகிம்சை என்பது ஏட்டுச் சொல்லாக நிற்பதில்லை. நடக்க இயலாதவரை டோலியில் சுமந்து செல்வோர் அடிவாரத்து ஊர்களின் உழைப்பாளர். அமர்பவரின் எடையைப் பொறுத்துக் கூலி அமைகிறது. எடையைக் குறைத்துச் சொல்லிக் கூலியைக் குறைப்பது பொய்ம்மையும் திருட்டும் ஆகும். தோள் மாற்றவும் மூச்சு வாங்கவும் அவர்களுக்கு நேரம் தராமல் விரைவுபடுத்துவது இம்சை. எறும்புக்கு வழிவிட்டு நடப்பவர், தம்மைச் சுமக்கும் மனிதரின் தோளை மறக்கலாமா?

மலை ஒரு சமூகத்தார்க்கு மட்டும் புனிதமானதும் அன்று. சந்தால் பழங்குடியினர் இதனை ‘மராங் புரு’, அதாவது பெருமலை, எனப் போற்றி வணங்குகின்றனர். அவர்தம் வழிபாட்டை மதித்து நடப்பது யாத்திரிகரின் கடமை.

இம்மலையின் தூய்மைக்காக முன்னோர் வழக்காடியதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலைப்பகுதியில் பன்றிக்கொழுப்பு எடுக்கும் தொழில் ஒன்று தொடங்கப்பட்டது. சமணர் கல்கத்தா உயர்நீதிமன்றம் வரை சென்று அதனைத் தடுத்தனர். அண்மையில் 2019இல் வெளியான சூழல் உணர்திறன் மண்டல அறிவிக்கையில் சுற்றுலாவுக்கு இடமளிக்கப்பட்டிருந்தது. நாடெங்கும் எழுந்த அறவழிப் போராட்டங்களுக்குப் பின், 2023 சனவரி 5ஆம் நாள் மத்திய அரசு அப்பகுதிகளை நிறுத்தி வைத்தது. மது, போதைப் பொருள், உரத்த இசை, அனுமதியற்ற முகாம், அனுமதியற்ற மலையேற்றம் ஆகியவற்றின் மீதான தடையைக் கண்டிப்புடன் செயற்படுத்துமாறு மாநில அரசைப் பணித்தது. கண்காணிப்புக் குழுவில் சமணர் இருவரையும் உள்ளூர்ப் பழங்குடியினர் ஒருவரையும் நிலையான அழைப்பாளராகச் சேர்க்கவும் கூறியது.

ஆணை வெளியார்க்கு மட்டும் உரியதன்று. உச்சியில் நெகிழிப் புட்டியை எறிந்து வருபவர் நெற்றியில் சந்தனம் அணிந்திருந்தாலும், மலைக்கு இழைப்பது அதே தீங்கு. சுற்றுலா வேண்டாம் என்று கேட்ட சமூகம், யாத்திரை எத்தகையது என்பதைத் தன் நடையால் காட்டியாக வேண்டும்.

தொடக்கத்து வினாவிற்கு வருவோருக்கு விடை இப்போது தெளிவு. 27 கிலோமீட்டர் நடையை முதுமைக்கென ஒதுக்கி வைத்தல் பொருந்தாது. ஐம்பதைக் கடக்கும் முன்பே ஒருமுறை முழுச் சுற்றையும் நடந்துவிட வேண்டும். பயிற்சிக்கு மலைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. குந்தகுந்தாசாரியர் திருவடி விளங்கும் பொன்னூர் மலையும், நேமிநாதர் ஓங்கி நிற்கும் திருமலையும் அருகிலேயே உள்ளன. புறப்படுவதற்கு மூன்று திங்கள் முன்பிருந்தே நாள்தோறும் நடந்தும், வாரந்தோறும் ஒரு குன்றில் ஏறியும் உடலைப் பழக்கலாம். இளையோர் தனிக்குழுவாக முன்னே ஓடாமல், வீட்டு முதியோரின் நடைக்குத் தம் நடையை அமைத்துக்கொள்ளட்டும். டோலி வேண்டிய பெற்றோருக்கு டோலியும், அதன் அருகே நடக்கப் பிள்ளையும் அமையட்டும்.

ஒவ்வொரு குடும்பமும் இவ்விழா நாளிலேயே கூடியிருந்து யாத்திரைக்கான ஆண்டைக் குறித்துக்கொள்ளுமாயின், அதுவே இவ்விழாவின் பயன். அறுவடை ஆண்டுதோறும் வரும். முழங்காலின் வலிமை ஆண்டுதோறும் வாராது.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக! ஜெய ஜினேந்திரா!