நான்காமவரின் கடமை



திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யும் வள்ளுவர், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து மருந்தளிப்பவரையும் அவர் சேர்த்து எண்ணுகிறார். அந்த நான்காமவரின் பொறுப்பு எத்தகையது என்பதை நான் அறுபது வயதைக் கடந்த பின்னரே உணர்ந்தேன்.

என் மனைவிக்கு நீரிழிவு நோய். நாள்தோறும் காலையில் 20 யூனிட் இன்சுலின் போடுவது என் பணி. ஒரு நாள் புதிய குப்பி வாங்கி வந்தேன். மருந்தின் பெயர் சரியாகவே இருந்தது. வழக்கமான ஊசிக்குழலில் 20 என்ற கோடு வரை மருந்தை ஏற்றினேன். அவ்வேளையில், முன்னர் என்னிடம் பயின்று இப்போது செவிலியராக இருக்கும் பெண் எங்கள் இல்லத்துக்கு வந்தார். “ஐயா, குப்பியில் உள்ளதை வாய்விட்டுப் படியுங்கள்” என்றார். சற்றே சினத்துடன் படித்தேன். ‘ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட்’ என்றிருந்தது. என் ஊசிக்குழலோ, மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கென அமைந்தது!

கணக்கைப் பாருங்கள். அக்குழலில் 20 என்ற கோடு அரை மில்லிலிட்டரைக் குறிக்கும். புதிய மருந்தின் அரை மில்லிலிட்டரில் இருப்பது 50 யூனிட். அஃதாவது இரண்டரை மடங்கு. இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்தால் வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம், மயக்கம் என வளர்ந்து உயிருக்கே கேடு நேரலாம். பல்லாண்டுகள் விகிதக் கணக்கைக் கற்பித்த எனக்கு, அன்று அக்கணக்கு நினைவுக்கு வரவில்லை. பழக்கம் கண்ணை மறைத்துவிட்டது.

செவிலியர் பயிற்சியில் ஐந்து வினாக்களைக் கற்பிக்கிறார்கள். உரிய நோயாளியா? உரிய மருந்தா? உரிய அளவா? உரிய வழியா? உரிய நேரமா? மருந்தை எடுக்கும்போதும், அளக்கும்போதும், அளிப்பதற்குச் சற்று முன்பும் சீட்டைப் படிக்க வேண்டும் என்பதும் அவர்கள் பயிலும் முறை. இன்சுலின் போன்ற மருந்துகளுக்குப் பல மருத்துவமனைகளில் இரண்டாம் செவிலியர் ஒருவர் தனியாகச் சரிபார்க்கிறார். கற்றவரும் தவறக்கூடும் என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. உலக சுகாதார நிறுவனமும் 2017-ஆம் ஆண்டில், மருந்துப் பிழைகளால் விளையும் தீங்கைக் குறைக்க ஓர் உலகளாவிய இயக்கத்தைத் தொடங்கியது.

உங்கள் இல்லத்திலும் பாட்டிக்கோ தம்பிக்கோ மருந்தளிக்கும் நான்காமவர் நீங்களாக இருக்கலாம். சீட்டை வாய்விட்டுப் படியுங்கள். ஐயம் எழுந்தால் கையை நிறுத்தி, அறிந்தவரைக் கேளுங்கள். அந்தச் செவிலியர் கேட்கத் தயங்கியிருந்தால், இந்நிகழ்ச்சியை இவ்வளவு அமைதியாக உங்களுக்கு நான் சொல்லிக்கொண்டிருக்க இயலாது.