எல்லாம் என்னாலதான்



மழையில் கல்யாணப் பந்தல் சரிந்தாலும் ‘என் ராசி அப்படி’ என்று சொல்லும் ஒருவர் எந்தக் குடும்பத்திலும் இருப்பார். அடக்கமானவர் என்று அவரைப் பாராட்டுவோம். பரதனையும் அப்படித்தான் கொண்டாடுகிறோம். அவன் ஊரிலேயே இல்லாதபோது கைகேயி கேட்ட வரத்துக்கு அவன் ஏன் பழியேற்க வேண்டும் என்று எந்தப் பட்டிமன்றத்திலும் நான் கேட்டதில்லை. எனக்கு இதில் அடக்கம் தெரியவில்லை. காரணமில்லாமல் எதுவும் நடக்காது என்ற நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள, தானே அந்தக் காரணமாகிவிடும் ஏற்பாடாகத்தான் தெரிகிறது.

விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கைகால் செயலிழந்த 29 பேரை புல்மன், வோர்ட்மன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஆராய்ந்து 1977-இல் எழுதினார்கள். ‘எனக்கு ஏன் இப்படி?’ என்ற கேள்விக்கு அந்த 29 பேர் வைத்திருந்த பதிலைக் கேட்டபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. அடுத்தவர்மேல் பழி போட்டவர்களைவிடத் தம்மேல் போட்டுக்கொண்டவர்கள் நிலைமையை நன்றாகச் சமாளித்தார்கள். தப்பு என்னுடையது என்றால் கடிவாளமும் என் கையில்தான் இருந்தது என்றாகிறதே! சும்மா நடந்துவிட்டது என்பதைத் தாங்குவதுதான் கடினம்.

புல்மன் 1979-இல் இதை இரண்டாகப் பிரித்தார். ‘அந்த வளைவில் வேகமாகப் போனேன்’ என்பது செய்த காரியத்தைக் குறை சொல்வது. அடுத்த முறை மெதுவாகப் போகலாம். ‘நான் விளங்காதவன்’ என்பது தன்னையே குறை சொல்வது. அதைத் திருத்த வழியே இல்லை. மனச்சோர்வோடு சேர்ந்து காணப்பட்டது இந்த இரண்டாவது வகை.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது? எடின்பரோ நகரின் உளப்பகுப்பாய்வாளர் ஃபேர்பேர்ன் 1943-இல் எழுதிய கட்டுரையை இன்றும் எடுத்துப் படிக்கிறேன். வீட்டில் கொடுமைப்பட்ட குழந்தைகள் பெற்றோரைக் கெட்டவர்கள் என்று சொல்ல மறுப்பதையும், தாங்கள் கெட்டவர்கள் என்று தயங்காமல் ஒப்புக்கொள்வதையும் அவர் கவனித்தார். யோசித்துப் பாருங்கள், அந்தக் குழந்தைக்கு வேறு போக்கிடம் ஏது? அப்பா கெட்டவர் என்றால் சோறும் பாயும் கெட்டவர் கையில். தான்தான் கெட்டது என்றால் திருந்திக்கொள்ளலாம், அடியும் நிற்கலாம். ஐந்து வயதில் அது கெட்டிக்காரக் கணக்கு. நாற்பது வயதில் மேலதிகாரியின் அறை வாசலிலும் அதே கணக்கைப் போடுகிறார்கள்.

ஒருவர் இப்படித் தன்மேல் பழி போட்டுக்கொள்வதில் சுற்றியிருப்பவர்களுக்கும் வசதி உண்டு. காய்ச்சலில் ஃபிட்ஸ் வந்த குழந்தையோடு ஓர் இளம் தாய் மருத்துவரிடம் வந்திருந்தார். யாரும் கேட்காமலே, “முந்தின நாள் தலைக்கு ஊத்தினேன் டாக்டர், சரியாத் துவட்டல... ஐஸ் ஒரு வாய் குடுத்தேன்... மாசமா இருக்கும்போது பப்பாளி தின்னேன்” என்று அடுக்கினார். மாமியார் ஒவ்வொன்றுக்கும் ‘உம்’ கொட்டினார். கணவர் போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். இந்த வகை வலிப்பு ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் நூற்றுக்கு 2 முதல் 5 குழந்தைகளுக்கு வருவது, குடும்பவாகும் உண்டு. “உங்க வீட்ல வேற யாருக்காவது சின்ன வயசுல வந்திருக்காம்மா?” என்று மருத்துவர் மாமியாரைக் கேட்டார். அவர் சற்றுத் தயங்கி, “இவனுக்குத்தான்... பள்ளிக்கூடத்துல சேர்க்கிற வரைக்கும் வந்துச்சு” என்று மகனைக் காட்டினார். பழியைத் தூக்கிக்கொள்ள ஒருத்தி இருந்ததால், அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

‘உன் தப்பில்லை’ என்று ஆறுதல் சொன்னால் இப்படிப் பழியேற்பவர்கள் நம்புவதில்லை. நமக்குச் சிரமம் கொடுத்துவிட்டதாக அதற்கும் சேர்த்து வருந்துவார்கள். அதனால் வாதாடாமல் ஒரு தாளில் வட்டம் வரையச் சொல்வது இன்றைய சிகிச்சையில் ஒரு வழி. நடந்ததற்கான காரணங்களை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வட்டத்தில் பங்கு ஒதுக்க வேண்டும். தன் பங்கைக் கடைசியாகத்தான் வரையலாம். பெரும்பாலும் அதற்குள் இடம் தீர்ந்துபோயிருக்கும். சிலர் மட்டும் மற்றவர் பங்கையெல்லாம் ஒடுக்கித் தமக்குப் பாதி வட்டத்தை முன்கூட்டியே மிச்சம் பிடித்து வைப்பார்கள். அவர்களிடம் நடந்த சம்பவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, சின்ன வயதில் தங்கள் வீட்டில் யாருடைய கோபத்துக்குப் பயந்தார்கள் என்று விசாரிக்கத் தொடங்குகிறோம்.