காசு கொடுத்தால் க்யூ கரையுமா?



எதிரணித் தம்பி ரொம்ப அழகாகப் பேசினார். ‘தீம் பார்க்குக்குப் போறது சந்தோஷத்துக்கு, வெயில்ல கால் கடுக்க நிக்கிறதுக்கு இல்ல. கூடக் கொஞ்சம் காசு போட்டு அந்த விரைவுப் பாஸை வாங்கிட்டா நேரம் மிச்சம், நிம்மதி மிச்சம்’ என்றார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏன்னா எங்க வீட்டுக்காரரும் இதே வசனத்தைத்தான் சொன்னார். நாங்களும் வாங்கினோம்! (சிரிப்பு)

அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன். நான் ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். எங்க ஊர்க் கோயில் தேருக்கு மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை விட்டாங்க. இவர் உடனே, ‘வா, எல்லாருமாத் தீம் பார்க் போகலாம்’னுட்டார். எந்தப் பார்க்குன்னு பேர் சொல்ல மாட்டேன், அவங்க மேல தப்பே இல்ல. தப்பு பூரா எங்க மேலதான். ராத்திரியே செல்போன்ல அஞ்சு டிக்கெட், அஞ்சு விரைவுப் பாஸ். நான், அவர், ஒன்பதாவது படிக்கிற பையன், ஒண்ணாவது படிக்கிற பொண்ணு, எங்க மாமியார். பாஸ் விலை ஏறக்குறைய இன்னொரு டிக்கெட் விலை. அதாவது, அஞ்சு பேர் போறதுக்குப் பத்துப் பேர் காசு.

காலையில போய் இறங்கினா, செவ்வாய்க்கிழமை, லேசாத் தூறல். நமக்குத்தான் தேர் லீவு, மத்த ஊருக்கெல்லாம் வேலை நாள். பார்க்குல ஈ காக்கா இல்ல! ரைடு வாசல்ல நிக்கிற பையன் எங்க கையில கட்டியிருந்த பட்டையைப் பார்த்துட்டு, ‘சார், நீங்க இந்த வழியா வாங்க’ன்னு தனிப்பாதை காட்டினான். அந்தப் பாதையிலயும் ஆள் இல்ல, இந்தப் பாதையிலயும் ஆள் இல்ல. இல்லாத க்யூவைத் தாண்டறதுக்குக் காசு கட்டின ஒரே குடும்பம் எங்க குடும்பம்தான் நடுவர் அவர்களே! (கைதட்டல்)

அது மட்டுமா? பெரிய ரைடு ஒவ்வொண்ணு வாசல்லயும் உயரம் பார்க்க ஒரு கோடு போட்டு வெச்சிருப்பாங்க. என் பொண்ணு அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே. அவளுக்கு வாங்கின பாஸ் வீண். மாமியார் ராட்டினத்தை அண்ணாந்து பார்த்துட்டே, ‘எனக்கு வேண்டாம்மா, நான் பையைப் பார்த்துக்கறேன்’னுட்டாங்க. அந்தப் பாஸும் வீண். எனக்குத் தலை சுத்தும். ஆக, அஞ்சு பாஸ்ல வேலை செஞ்சது ரெண்டு.

இதைச் சிரிக்கறதுக்காக மட்டும் சொல்லல. பாஸ் வாங்கலாமா வேண்டாமான்னு வீட்டுல பேச்சு வரும்போது, நாம தலையை எண்றோம், ஏறப்போற ஆளை எண்றதில்ல. எத்தனை ரைடுல நிஜமாவே கூட்டம் இருக்கும்னு எண்றதில்ல. பல பார்க்குல நாலைஞ்சு ரைடுலதான் மணிக்கணக்கா நிப்பாங்க, மத்ததுல சும்மா ஏறி உட்காரலாம். அந்த நாலு ரைடுல முக்கால் மணி முக்கால் மணி மிச்சம்னா மூணு மணி நேரம். பாஸ் காசை மூணால வகுங்க. ஒரு மணி நேரத்துக்கு நாம கொடுக்கிற விலை வரும். அந்த விலையைப் பார்த்தப்புறமும் வாங்கத் தோணினா வாங்குங்க, நான் தடுக்கல.

ஆனா தம்பி வேற ஒண்ணு சொன்னார் பாருங்க. ‘என் காசு, என் நேரம், இதுல அடுத்தவனுக்கு என்ன நஷ்டம்?’னு கேட்டார். அங்கதான் எனக்கு உள்ள இருக்கிற கணக்கு டீச்சர் முழிச்சுக்கிட்டா.

ஒரு ரைடு ஒரு மணிக்கு ஆயிரம் பேரை ஏத்துதுன்னு வெச்சுக்குவோம். எனக்கு முன்னால நானூறு பேர் நிக்கிறாங்க. எனக்கு எப்ப முறை வரும்? இருபத்து நாலு நிமிஷத்துல. சரியா? இப்ப பக்கத்துல விரைவுப் பாதை திறக்கறாங்க. மணிக்கு அறுநூறு சீட்டு அவங்களுக்கு. எங்க க்யூவுக்கு மிச்சம் நானூறு. இப்ப எனக்கு எப்ப முறை வரும்? ஒரு மணி நேரம்! ரைடு அதே ரைடு, நாற்காலி அதே நாற்காலி, எனக்கு முன்னால நின்ன தலையும் அதே நானூறு. முப்பத்தாறு நிமிஷம் கூடிப்போச்சு. எனக்கு அப்புறம் வந்து எனக்கு முன்னால ஏறினாரே, அவர் மிச்சம் பிடிச்ச நேரம் என்னைப் போல வெயில்ல நிக்கிறவங்க கிட்டேருந்து எடுத்ததுதான். பாஸை விக்கிறவங்க புதுசா ஒரு நிமிஷத்தைக் கூட உண்டாக்கல. என் நிமிஷத்தை எடுத்து அவருக்கு வித்தாங்க. விலை சொல்லும்போது என்னைக் கேக்கவும் இல்ல, காசுல எனக்குப் பங்கும் இல்ல!

அந்தக் காலத்துல சினிமாக் கொட்டகை வாசல்ல ஒருத்தன் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, ‘பத்து ரூபா டிக்கெட் முப்பது, பத்து ரூபா டிக்கெட் முப்பது’ன்னு காதுக்குள்ள சொல்லிட்டுப் போவான். போலீஸ் வந்தா ஓடுவான். இன்னிக்கு அதையே ஏ.சி. போட்ட கவுன்ட்டர்ல, பட்டை கட்டி, ரசீது போட்டு விக்கிறாங்க. அவனுக்கு மட்டும் பாவம், ‘பிளாக் டிக்கெட்காரன்’னு பேர். (சிரிப்பு)

இந்தப் பழக்கம் எப்படி வந்ததுன்னு பாருங்க. தீம் பார்க்னா எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து டிஸ்னிலாண்ட். 1955-ல் திறந்தது. நான் ஒண்ணை மறைக்கக் கூடாது. ஆரம்ப காலத்துல அங்க கூப்பன் புத்தகம்தான். சின்ன ராட்டினத்துக்கு ‘ஏ’ கூப்பன், பெரிய ரைடுக்கு ‘இ’ கூப்பன், விலையும் அதுக்குத் தக்கபடி. அதனால, ‘ஆதியில எல்லாமே சமத்துவமா இருந்துச்சு’ன்னு நான் கதை விடமாட்டேன். ஆனா ஒண்ணு, ‘இ’ கூப்பன் வெச்சிருந்தவரும் ‘இ’ கூப்பன் வெச்சிருந்த அடுத்தவர் பின்னாலதான் நின்னார். 1982-ல் அந்தக் கூப்பனையும் எடுத்துட்டு ஒரே நுழைவுச்சீட்டு ஆக்கினாங்க. 1999-ல் ‘பாஸ்ட்பாஸ்’னு ஒரு சீட்டு கொண்டு வந்தாங்க. மெஷின்ல உங்க டிக்கெட்டைச் செருகினா, ‘இத்தனை மணிக்கு வா’ன்னு அச்சடிச்சுக் கொடுக்கும். அதுவரைக்கும் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு வரலாம். இதுக்குக் காசு கிடையாது. வந்தவன் எவனா இருந்தாலும் உண்டு.

2021-ல் அது போச்சு. இனிமே காசுன்னாங்க. புளோரிடாவில் தலைக்கு 15 டாலர், கலிபோர்னியாவில் 20 டாலர்னு ஆரம்பிச்சாங்க. 2024 அக்டோபர்ல டிஸ்னிலாண்ட்ல இன்னும் ஒரு படி மேல போய், நேரமே குறிக்க வேண்டாம், எப்ப வேணா வந்து ஏறிக்கலாம்னு ஒரு பாஸ் விட்டாங்க. தலைக்கு 400 டாலர்! நுழைவுச்சீட்டு தனி. நாலு பேர் குடும்பம்னா 1600 டாலர். நம்ம காசுக்கு ஒரு லட்சத்துக்கு மேல, ஒரு நாள் நிக்காம இருக்கறதுக்கு!

கலிபோர்னியாவில் இருபதுல ஆரம்பிச்சது மூணே வருஷத்துல நானூறுல வந்து நின்னுச்சு. ஏன்? முதல்ல கொஞ்சம் பேர் வாங்கினாங்க, சாதா க்யூ நீண்டது. அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பேர் வாங்கினாங்க, விரைவு க்யூவே க்யூ ஆயிடுச்சு. அதனால அதுக்கும் மேல ஒரு பாஸ். சாதா வரிசை சரசரன்னு நகர்ந்தா பாஸை யார் வாங்குவா, சொல்லுங்க! வித்தவருக்கு நம்ம க்யூ குறையணும்னு என்ன அவசரம்?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல மைக்கேல் சாண்டல்னு ஒரு தத்துவப் பேராசிரியர். எதையெல்லாம் காசு கொடுத்து வாங்கக் கூடாதுன்னு யோசிச்சு 2012-ல் ஒரு புஸ்தகம் போட்டார். அவ்வளவு பெரிய விஷயத்துக்கு அவர் எடுத்துக்கிட்ட முதல் அத்தியாயமே க்யூவைத் தாண்டறதைப் பத்தித்தான். சின்ன விஷயம்னு நினைக்காதீங்க.

எதிரணித் தலைவர் அடுத்து வந்து என்ன கேப்பார்னு எனக்குத் தெரியும். ‘விமானத்துல பிசினஸ் கிளாஸ் இல்லையா? ரயில்ல தத்கல் இல்லையா? கோயில்ல சிறப்பு தரிசனம் இல்லையா?’ம்பார். ஐயா, பிசினஸ் கிளாஸ்காரர் அகலமான சீட்டுல உட்காரட்டும், அதனால என் விமானம் ஒரு நிமிஷம் கூடத் தாமதமாகாது. தத்கல்ல இவ்வளவு சீட்டுன்னு முன்னாலேயே ஒதுக்கி வெச்சுடறாங்க. என் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டுன்னா வீட்டுல இருக்கும்போதே தெரியும். கோயில் விஷயம்... அங்கேயும் எனக்கு வருத்தம் உண்டு. அது தனிப் பட்டிமன்றம். நடுவர் அவர்கள் தலைப்பைக் குறிச்சு வெச்சுக்கட்டும். (நடுவர்: ‘குறிச்சுக்கிட்டேன். அன்னிக்கும் நீங்கதானே பேசணும்?’ - சிரிப்பு)

நிக்கவே முடியாதவங்க இருக்காங்க. சக்கர நாற்காலியில வர்றவங்க, கூட்டத்துல நின்னா பதறிப் போற குழந்தைங்க. அவங்களை நிக்க வைக்கணும்னு சொன்னா நான் மனுஷியே இல்ல. அவங்களுக்கு வழி விடணும், காசு வாங்காம விடணும். டிஸ்னி பார்க்குகள்லயே இப்படிப்பட்டவங்கள்ல சில பேருக்குக் கட்டணம் இல்லாத தனி வசதி வெச்சிருக்காங்க. அது பாஸ் இல்ல, மரியாதை.

இன்னொருத்தர் இருக்கார். வாழ்க்கையில ஒரே தடவை குடும்பத்தோட சிங்கப்பூர் டூர் போறார். யூனிவர்சல் ஸ்டுடியோவுக்கு டூர்காரன் ஒரே பகல்தான் கொடுத்திருக்கான். பள்ளிக்கூட லீவு வேற. அவர் வாங்கினார்னா நான் கையைப் பிடிக்க மாட்டேன். ஆனா அதுக்கு முன்னால இதையும் செஞ்சு பாருங்கம்பேன். கதவு திறக்க அரை மணி முன்னாலயே வாசல்ல நில்லுங்க. உள்ள போனதும் போட்டோ எடுக்காம, ரொம்பக் கூட்டம் சேர்ற ரைடுக்கு நேரா நடங்க. எல்லாரும் சாப்பிடப் போகும்போது நீங்க ஏறுங்க, எல்லாரும் ஏறும்போது நீங்க சாப்பிடுங்க. யூனிவர்சல் பார்க்குகள்ல சில ரைடுல தனியாள் வரிசைன்னு ஒண்ணு உண்டு. குடும்பமா உட்கார்ந்தது போக ஒத்தைச் சீட்டு மிஞ்சுதில்லையா, அதுல ஏத்திடுவாங்க. சீக்கிரம் நகரும், காசும் இல்ல. புருஷனும் பொண்டாட்டியும் தனித்தனியா உட்காரணும், அவ்வளவுதான். சில பேருக்கு அதுவே சந்தோஷம்! (பலத்த சிரிப்பு)

க்யூன்னா அது செத்த நேரம்னு தம்பி சொன்னார். டேவிட் மைஸ்டர்னு ஒருத்தர் 1985-லேயே காத்திருக்கிறதைப் பத்திக் கட்டுரை எழுதியிருக்கார். சும்மா நின்னா நேரம் நீளும், ஏதாவது செஞ்சுக்கிட்டிருந்தா குறையும்னு சொன்னார். பார்க் கட்டறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். சிங்கப்பூர்ல ‘மம்மி’ ரைடுக்குப் போற வழியையே எகிப்துக் கல்லறை மாதிரி சிலையும் சித்திரமுமாக் கட்டி வெச்சிருக்காங்க. விரைவுப் பாஸ்காரர் அதையெல்லாம் ரயிலைப் பிடிக்கப் போற மாதிரி தாண்டி ஓடறார்.

எங்க ரெண்டாவது பயணத்தைச் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன். அடுத்த வருஷம் பொங்கல் லீவு. அதே பார்க். இந்தத் தடவை நான் பாஸ் வாங்க விடல. கூட்டம்னா கூட்டம், தேர்க் கூட்டம். தண்ணியில விழற ரைடுங்கறதால செல்போனையெல்லாம் லாக்கர்ல வெச்சாச்சு. வரிசையில என் வீட்டுக்காரரும் பையனும். நானும் பொண்ணும் மாமியாரும் கம்பிக்கு இந்தப் பக்கம் நிழல்ல. பக்கத்துல பட்டை கட்டினவங்க போய்க்கிட்டே இருக்காங்க, இவங்களைக் கயிறு போட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க. இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதுக்கு எந்தக் கணக்குலயும் விடை இல்ல!

பையன் அப்ப பத்தாவது. அரைப்பரீட்சை மார்க் வந்ததுலேருந்து அப்பாவும் பிள்ளையும் சரியாப் பேசறதில்ல. ‘சாப்பிட்டியா?’, ‘ம்.’ அவ்வளவுதான் வீட்டுல. அன்னிக்கு எழுபது நிமிஷம் ரெண்டு பேரும் ஒரே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. கையில செல் இல்ல, எழுந்து போக வேற ரூம் இல்ல. முதல் கால் மணி நேரம் ஆளுக்கொரு திசையைப் பார்த்தாங்க. அப்புறம் என்னவோ இவர் கேட்டார், அவன் சொன்னான். கொஞ்ச நேரத்துல அவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசறான், இவர் தலையைச் சாய்ச்சுக் கேக்கறார். எனக்கு ஒண்ணும் கேக்கல. ராத்திரிதான் இவர் சொன்னார். பதினொண்ணாவதுல பயாலஜி குரூப் வேண்டாமாம், காமர்ஸ் எடுக்கறானாம். ஆறு மாசமா வாய்க்குள்ளயே வெச்சிருந்திருக்கான்.

ரைடு என்னமோ ரெண்டு நிமிஷம்தான். சொட்டச் சொட்ட நனைஞ்சு இறங்கி வந்தாங்க. நான் துண்டை நீட்டினேன். பையன் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, ‘இன்னொரு தடவை நிப்பமாப்பா?’ன்னான்.

‘ஏறுவமா’ன்னு கேக்கல நடுவர் அவர்களே. ‘நிப்பமா’ன்னுதான் கேட்டான்.