தாளில் உள்ள அந்த ஒரு சொல்



நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்ற நம் முன்னோர்களின் வரலாற்றை எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறீர்கள். அவர்களைத் திருப்பி இழுத்துவர, குறைஷிகள் அம்ரு இப்னுல் ஆஸையும் அப்துல்லாஹ் இப்னு அபீ ரபீஆவையும் தோல் காணிக்கைகளுடன் அனுப்பினார்கள். அவ்விருவரும் அரசவையில் முதலில் செய்த வேலை அம்மக்களுக்கு ஒரு பெயர் சூட்டியதுதான். ஊரைவிட்டு ஓடிவந்த அறிவற்ற இளைஞர்கள் என்றார்கள். நஜ்ஜாஷி மன்னர் அப்பெயரை அப்படியே ஏற்றிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவரோ அம்மக்களையே அழைத்துக் கேட்டார். ஜஅஃபர் (ரலி) அவர்கள் பேசினார்கள். இறுதியில் மன்னர், அவர்கள் தம் நாட்டில் ‘சுயூம்’ என்று அறிவித்தார்.

அது அரபுச் சொல் அன்று, அபிசீனியச் சொல். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வாயிலாக வந்த இச்செய்தியில், அச்சொல்லுக்குப் ‘பாதுகாப்புப் பெற்றவர்கள்’ என்ற பொருளும் சேர்ந்தே பதிவாகியுள்ளது. புகலிடம் தந்த நாட்டின் அரசுச் சொல் நம் சீரா நூல்களில் பொருளுடன் காக்கப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகள் இதை ஓதியும் நான் கவனிக்காமலே கடந்து போனேன்.

கவனிக்க வைத்தவர் பர்மாவிலிருந்து வந்த ஓர் இளைஞர். லுஹர் தொழுகைக்குப் பின் ஒரு தாளை நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ‘அசைலம் சீக்கர்’ என்றிருந்தது. அகதி என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், இனிக் கவலை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஓர் அரபு வேர்ச்சொல்லிலிருந்து பத்து வாய்ப்பாடுகளைப் பிரித்துக் காட்டப் பழகிய எனக்கு அந்த இரண்டு சொற்களின் வேறுபாடு தெரியவில்லை. என் பேச்சை நம்பி அவர் நேர்காணல் நாளில் வேலைக்குப் போய்விட்டார். தவறு முழுவதும் என்னுடையது.

புகலிடம் கோருபவர் என்றால் மனு கொடுத்தவர். முடிவு இன்னும் வரவில்லை. அகதி என்றால், இனம், மதம், தேசியம், சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகியவற்றின் காரணமாகத் தன் நாட்டில் துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சத்தால் எல்லை தாண்டியவர். 1951 ஆம் ஆண்டின் உடன்படிக்கை தரும் வரையறை இது. எல்லை தாண்டாதவருக்கு அச்சொல் பொருந்தாது. 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரக் கெடுவில் வெளியேற்றினார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் விரட்டப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். வீடும் நிலமும் போயின. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் ‘உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்’. இழப்பு ஒன்றுதான், தாளில் உள்ள சொல் வேறு.

நம் நாடு அந்த 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆகவே ஐ.நா. அகதிகள் ஆணையம் தரும் அட்டை, அதை வைத்திருப்பவர் யார் என்பதற்கு ஆணையத்தின் சான்று. இந்திய அரசின் குடியிருப்பு அனுமதி ஆகாது. 1983 முதல் வந்த இலங்கைத் தமிழர்களைத் தமிழக அரசே பதிவு செய்து முகாம்களில் வைத்தது. 2021 இல் அம்முகாம்கள் ‘மறுவாழ்வு முகாம்கள்’ எனப் பெயர் மாறின. நல்ல பெயர்தான், ஆனால் அதனால் எவருக்கும் குடியுரிமை வந்துவிடவில்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. அங்கும் சொல் ‘விலக்கு’தான்.

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியே கேளம்பாக்கம் சென்றால், அங்கே புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் ரோஹிங்யா குடும்பங்கள் தங்கவைக்கப்பட்டதை அறிவீர்கள். 1982 ஆம் ஆண்டின் பர்மா குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்கள் அவர்கள். ரமளானில் அரிசியும் துணியும் கொடுக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இரக்கத்தின் பேரில் சிலர், நம் முகவரியிலேயே ஓர் அட்டை எடுத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்கிறார்கள். வேண்டாம் சகோதரர்களே! 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டப்படி, போலி ஆவணத்துடன் நாட்டுக்குள் நுழைபவருக்கோ தங்குபவருக்கோ இரண்டு முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. ஓர் அகதியை நாமே குற்றவாளியாக்கிவிடுவோம்.

புகலிடம் கேட்டவருக்கு அதைக் கொடுத்து, அவர் அச்சமின்றி இருக்கும் இடத்தில் சேர்த்துவிடும்படி தவ்பா அத்தியாயத்தின் ஆறாம் வசனம் பணிக்கிறது. ரோஹிங்யாக்கள் அகதிகளா, சட்டவிரோதமாக நுழைந்தவர்களா என்பதையே தீர்மானிக்க வேண்டிய முதல் கேள்வியாக உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 31 அன்று வகுத்தது. அங்கும் அவர்கள் வாழ்வு ஒரு பெயரில் நிற்கிறது.

அந்த இளைஞர் இப்போதும் தாள்களோடு வருகிறார். கொடுத்தது யார், தேதி என்ன என்று முதலில் பார்க்கிறேன். பொருள் தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று சொல்லி, சட்டம் படித்த ஜமாஅத் சகோதரர் ஒருவரிடம் அன்றே அழைத்துச் செல்கிறேன்.