கடல் கடந்து செல்லும் தபால் தலை



எங்கள் திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். இரும்பை அரத்தால் உராயும் ஓசையைக் கேட்டுக்கொண்டே பள்ளிக்கு நடந்து சென்றவன் நான். மாங்காய் வடிவில் ஒரு பூட்டு, மணியடிக்கும் பூட்டு ஒன்று எனக் கைவினைஞர்கள் தம் திறமையெல்லாம் காட்டிச் செய்த பூட்டுகள் அவை. 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இன்று நான் பேச வந்தது பூட்டே இல்லாத ஒரு பொருளைப் பற்றி. தபால் உறைக்குப் பூட்டு ஏது? சிறிதளவு பசையே அதற்குக் காவல். அந்தக் காவலோடு அது கடலையும் எல்லையையும் கடந்து, முன்பின் கண்டிராத ஒருவர் கையைச் சென்று சேர்கிறது. அதனுள் தபால் தலைகளை வைத்து வேற்று நாட்டு நண்பருக்கு அனுப்பும் பழக்கம் உங்களுள் சிலருக்கு இருக்கலாம். அப்பழக்கத்திற்கு அடிப்படையான ஒழுங்கு எது, அதில் நாம் காக்க வேண்டிய நெறி எது என்பவற்றை, நான் சிறுவனாக இருந்தபோது செய்த ஒரு பிழையின் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

1975-ஆம் ஆண்டில் நான் உயர்நிலைப் பள்ளி மாணவன். எங்கள் தமிழாசிரியர் ஒருவர் தம் உறவினர் மூலமாக, யாழ்ப்பாணத்தில் என் வயதுடைய ஒரு மாணவனின் முகவரியைப் பெற்றுத் தந்தார். இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடிய காலம் அது. அவனிடமிருந்து வந்த முதற் கடிதத்தை நான் பிரிக்கவே இல்லை. அதன் மேலிருந்த தபால் தலையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அயல்நாட்டுத் தபால் தலை. அதில் தமிழ் எழுத்து! சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று எழுத்துகளில் அந்நாட்டின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. கடிதத்தின் உள்ளே இருந்த தமிழிலும் புதுமை இருந்தது. நாம் தபால் தலை என்பதை அவன் 'முத்திரை' என்று எழுதினான். தபால் நிலையத்தைத் 'தபாற் கந்தோர்' என்றான். ஒரே மொழி கடலுக்கு அக்கரையில் வேறு ஆடை உடுத்தி நிற்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இருவரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். நான் பன்னிரண்டு இந்தியத் தபால் தலைகளை அனுப்புவது. அவை கிடைத்ததும் அவன் பன்னிரண்டு இலங்கைத் தபால் தலைகளை அனுப்புவது. 1960-ஆம் ஆண்டில் வெளிவந்த திருவள்ளுவர் தலையும் பாரதியார் தலையும் என்னிடம் ஒவ்வொன்றே இருந்தன. அவ்விரண்டையும் அவன் விரும்பிக் கேட்டிருந்தான். மனமில்லாமலேதான் பிரித்தெடுத்தேன். உறையை எடுத்துக்கொண்டு தபால் நிலையம் சென்று, நிறுத்துப் பார்த்து, அதற்குரிய தலைகளை ஒட்டினேன். வீடு திரும்பியபின், உள்ளிருக்கும் தலைகள் மடிந்துவிடுமோ என்ற அச்சத்தால், தடித்த அட்டை இரண்டை உள்ளே செருகி ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.

ஒரு மாதம் சென்றது. இரண்டு மாதங்கள் சென்றன. பதில் இல்லை. மூன்றாம் மாதம் என் பொறுமை அற்றுப்போயிற்று. 'நல்ல தலைகளை வாங்கிக்கொண்டு வாளாவிருப்பது தமிழர் பண்பா?' என்று ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். எழுதியபோது பெரிய நியாயத்தை நிலைநாட்டிவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

அக்கடிதத்திற்குப் பதில் வந்தது. உறையைப் பிரித்தால் பன்னிரண்டு இலங்கைத் தலைகள்! உடன் இருந்த தாளில் நான்கே வரிகள். என் உறை தன் கையை வந்து சேரவில்லை என்றும், எனினும் நான் அனுப்பியதாகச் சொல்லும்போது அதை நம்புவதாகவும், தொலைந்தது யாரால் ஆயினும் தன் கடன் தொலைந்துவிடாது என்பதால் தன் பங்கை அனுப்புவதாகவும் அவன் எழுதியிருந்தான். என் சுடுசொல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அடுத்த வாரம் தபால்காரர் பழுப்பேறிய ஓர் உறையை என்னிடம் கொடுத்தார். நான் அனுப்பிய உறையே அது. அதன் மேல் 'டி' என்ற ஆங்கில எழுத்து முத்திரையாகக் குத்தப்பட்டிருந்தது. கட்டணம் குறைந்த அயல்நாட்டுத் தபாலுக்கு இடும் அடையாளம் அது. 'வரி' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து. உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஆட்சிமொழி பிரெஞ்சு ஆதலின் எல்லா நாடுகளிலும் அதுவே வழக்கு. நான் பிறகு செருகிய அட்டைகளால் எடை ஒரு படி கூடிவிட்டது. குறைந்த கட்டணத்தைப் பெறுபவரிடம் கேட்டிருக்கிறார்கள். நண்பன் பள்ளிக்குச் சென்றிருந்த நேரம். வீட்டிலிருந்த அம்மம்மா, யாரோ அனுப்பிய உறைக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று திருப்பிவிட்டாராம். இது பின்னால் அவன் கடிதத்தின் வழியே நான் அறிந்தது. பிழை முழுவதும் என்னுடையது. பழியை மட்டும் நான் அக்கரைக்கு அனுப்பியிருந்தேன்.

செல்வங்களே, அந்த உறை போய்த் திரும்பிய வழியைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1840-ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தில் உலகின் முதல் ஒட்டும் தபால் தலை வழக்கத்திற்கு வந்தது. ரோலண்டு ஹில் என்பவரது சீர்திருத்தத்தின் பயன் அது. அதற்கு முன்னர்ப் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. அனுப்புபவரே முன்னதாகச் செலுத்துவது என்ற முறையைத் தபால் தலை எளிதாக்கிற்று. ஆயினும் நாட்டுக்கு நாடு தனித்தனி ஒப்பந்தம் இருந்தமையால், அயல்நாட்டுக் கடிதத்தின் கட்டணத்தைக் கணக்கிடுவதே பெருந்தொல்லையாயிற்று. கடிதம் எந்தெந்த நாட்டின் வழியே போகிறதோ அதற்கேற்பக் கட்டணம் மாறும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க, ஜெர்மானிய அஞ்சல் அதிகாரியான ஹைன்ரிக் ஃபான் ஸ்டெபான் ஒரு கருத்தை முன்வைத்தார். அதன்படி 1874-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. உறுப்பு நாடுகள் அனைத்தும் சேர்ந்து ஒரே அஞ்சல் நிலப்பரப்பு என்பது அதன் உயிர்க்கருத்து. கட்டணத்தை அனுப்பும் நாடே வைத்துக்கொள்ளும். பெறும் நாடு தன் நாட்டுக் கடிதத்தைப் போலவே அதனையும் கருதிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கடிதம் போனால் பதிலும் வரும். ஆதலின் இரு பக்கமும் சமமாகும் என்று நம்பினார்கள். இந்தியா 1876-இல் இவ்வமைப்பில் சேர்ந்தது. இரண்டாண்டுகளில் அது உலக அஞ்சல் ஒன்றியம் எனப் பெயர் பெற்றது. 1948-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் சிறப்பு நிறுவனமாயிற்று. அக்டோபர் 9-ஐ உலக அஞ்சல் நாளாகக் கொண்டாடுவது இதனாலேயே.

பிற்காலத்தில் நாடுகள் பெறுவதும் அனுப்புவதும் சமமாக இல்லை என்று கண்டு, 1969-ஆம் ஆண்டு டோக்கியோ மாநாட்டில் கணக்குத் தீர்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். எனினும் அடிப்படை மாறவில்லை. என்னுடைய காசு திண்டுக்கல்லில் தங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துத் தபால்காரர் என்னை அறியமாட்டார். ஆயினும் வெயிலில் மிதிவண்டி மிதித்து அவ்வீட்டு வாசல் வரை அந்த உறையைக் கொண்டுபோனார். நாடுகளே ஒன்றையொன்று நம்பி நடத்தும் இந்த ஏற்பாட்டில், ஒரு நண்பனை நம்ப எனக்கு மூன்று மாதத்துக்கு மேல் பொறுமை இல்லாது போயிற்று.

இனி, வெளிநாட்டிற்குத் தபால் தலை அனுப்புவோர் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கட்டுவது. நம் ஊர்ப் புழுக்கத்தில் புதிய தலையின் பின்புறப் பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆதலால் கிளாசின் தாளால் ஆன சிற்றுறைகளில் தனித்தனியே இட்டு, விரலால் தொடாமல் இடுக்கியால் எடுத்து வையுங்கள். ஒட்டுநாடாவைத் தலையின் மேல் படவிடாதீர்கள். மடியாதிருக்க அட்டை வைப்பது நன்று. அட்டையையும் வைத்து ஒட்டிய பின்னரே நிறுத்துப் பாருங்கள். இதை நான் சொல்வதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, சுங்கம். தபால் தலைகள் பண்டமாகவே கருதப்படும். பண்டம் அடங்கிய அஞ்சலுக்கு உரிய சுங்கச் சீட்டை இணைக்க வேண்டும். சேகரிப்புக்குரிய தபால் தலைகளுக்குச் சுங்க வகைப்பாட்டில் 9704 என்ற தனித் தலைப்பே உண்டு. உள்ளிருப்பது என்ன, அதன் மதிப்பு என்ன என்பதை உண்மையாக எழுதுங்கள். ஐந்நூறு ரூபாய்ப் பொருளுக்கு ஐம்பது ரூபாய் என்று எழுதச் சிலர் யோசனை சொல்வார்கள். பொருள் தொலைந்தால் அந்த ஐம்பதுக்கு மேல் கேட்க வாயிருக்காது. பிரித்துப் பார்த்தால் உறை பறிபோவதோடு பெறுபவரும் அலைக்கழிவார். நம் பொய்க்கு அவர் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? மேலும், நூறாண்டு கடந்த தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடை செய்யும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் உண்டு. மிகப் பழைய தலை, உறை ஆகியவற்றை அனுப்ப எண்ணுவோர் முன்னதாக உரியவர்களைக் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, வழி திறந்திருக்கிறதா என்று விசாரிப்பது. அஞ்சல் வழிகள் அரசியலால் அடைபடுவதும் உண்டு. ஆசியாவின் முதல் தபால் தலைகள் 1852-இல் சிந்து மாகாணத்தில் வெளியாயின. அந்நிலப்பகுதி இன்று பாகிஸ்தானில் உள்ளது. 2025 மே மாதத்தில் பாகிஸ்தானிலிருந்து வரும் அஞ்சல்கள், பார்சல்கள் அனைத்தையும் ஏற்பதை இந்திய அரசு நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா, எண்ணூறு டாலர் வரையுள்ள பொருள்களுக்கு இருந்த சுங்கவரி விலக்கை நீக்கியது. வரியை யார் எவ்வாறு வசூலிப்பது என்பது தெளிவாகாமையால், அந்நாட்டுக்கு அஞ்சல் ஏற்பதை நம் அஞ்சல் துறை முதலில் ஒரு பகுதியும் பின்னர் முழுவதுமாக நிறுத்த நேர்ந்தது. அக்டோபர் 15 முதல் மீண்டும் தொடங்கிற்று.

அந்த இடைக்காலத்தில், செப்டம்பர் மாதத்தில், என் பெயர்த்தி தன் அமெரிக்கத் தோழிக்கு அனுப்ப வேண்டிய தலைகளுடன் தபால் நிலையம் சென்று வெறுங்கையோடு திரும்பினாள். 'தாத்தா, அவள் முன்னாடியே அனுப்பிவிட்டாள். நான் ஏமாற்றுகிறேன் என்று நினைப்பாளே' என்று கலங்கினாள். நிலைமையை அன்றே தோழிக்கு எழுதிவிடு என்றேன். அவளும் எழுதினாள். 'தலைகள் எங்கும் ஓடிவிடா. வழி திறந்ததும் வரட்டும்' என்று மறுநாளே பதில் வந்தது. மறைக்காமல் முந்திச் சொல்லும் ஒரு சொல், எந்தப் பதிவு முத்திரையையும்விட உறுதியானது.

என் கதையின் முடிவைச் சொல்லவில்லையே! திரும்பி வந்த உறையைக் கண்ட அன்றே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். திருவள்ளுவரையும் பாரதியாரையும் புதிய உறையில், சரியான எடைக்குக் கட்டணம் செலுத்தி அனுப்பினேன். 'வள்ளுவர் வந்து சேர்ந்தார். கோபம் போயிற்று என்று எழுத எனக்குக் கோபமே வரவில்லை' என்று அவன் பதில் எழுதினான். பல்லாண்டுகள் எழுதிக்கொண்டோம். 1983-க்குப் பின் அங்கு மூண்ட துன்பங்களால் கடிதங்கள் அரிதாயின. 1986-இல் வந்ததே கடைசிக் கடிதம். பின்னர் நான் எழுதியவற்றுக்குப் பதில் இல்லை. அவன் எந்நாட்டில் இருக்கிறானோ, இருக்கிறானோ இல்லையோ, நான் அறியேன். அன்று மன்னிப்பை நாளைக்கு என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்திருந்தால், அதைக் கேட்க எனக்கு முகவரியே இல்லாது போயிருக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நடுங்குகிறது.

என் தொகுப்பில் விலையுயர்ந்த தலைகள் சில உண்டு. ஆனால் முதற் பக்கத்தில் நான் வைத்திருப்பது 'டி' முத்திரை குத்திய அந்தப் பழுப்பு உறையைத்தான். முப்பதாண்டுக்கு மேல் ஆசிரியப் பணி செய்தேன். மாணவன் ஒருவன்மேல் குற்றச்சாட்டு வந்தபோதெல்லாம், தீர்ப்புச் சொல்லுமுன் அந்தப் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுவேன்.

நீங்களும் எல்லை கடந்து நட்புக் கொள்ளுங்கள், தலைகளைப் பரிமாறுங்கள். உறையைச் சரியாக நிறுத்து அனுப்புங்கள். பதில் தாமதமானால், நண்பனை நிறுக்குமுன் நம் உறையின் எடையை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள்.